பவளத்துக்குப் பக்கத்து சீட்டு

ஒக்காருங்க சார். ஜன்னலோரம் உங்க சீட்டுதான், காத்துக்கோசரம் நான் ஒக்காந்துட்டேன். பரவால்லியா? நல்ல மனுஷன் சார் நீங்க. அந்தப் பைய மட்டும் மேல தூக்கி வெச்சிடாதீங்க, காலுக்குக் கீழயே இருக்கட்டும். உள்ள கருவாடு கீது. வஞ்சிரம். பேப்பர்ல சுத்தி, கவர்ல போட்டு, அதுக்கு மேல துண்டு சுத்தி வெச்சிருக்கேன். அப்பவும் அந்தம்மா பெரம்பூர்லேந்து திரும்பித் திரும்பிப் பாத்துக்கினு வருது.

பெங்களூர்தான். பொண்ணு வூட்டுக்கு. பொண்டாட்டி அங்க கீறா, இட்டுக்கினு வரலாம்னு கெளம்பினேன். கெளம்பினேன், அவ்ளோதான். போய்க்கினு கீறேன், பாக்கலாம்.

அந்தப் பேப்பர் கடைசிப் பக்கம் குடுங்க சார், ஒரு நிமிஷம். பாத்தீங்களா? முக்கால் பக்கம் கிரிக்கெட்டு. எவனுக்கோ சுண்டு விரல்ல வீக்கமாம், அந்த விரலுக்குத் தனியா ஒரு போட்டோ. இன்னிக்கு சாயங்காலம் பெங்களூர்ல இந்தியா ஃபுட்பால் ஆடப் போவுது சார். ஜெயிச்சா அடுத்த ரவுண்டு, தோத்தா வூட்டுக்கு. எங்க போட்டுருக்கான் பாருங்க. கீழ, மூட்டுவலித் தைலம் விளம்பரத்துக்குப் பக்கத்துல, நாலு வரி. அதுலயும் மேட்ச் எத்தினி மணிக்குன்னு போடல.

நீங்க கிரிக்கெட் பாப்பீங்களா? பாருங்க, தப்பில்ல. எங்க ஏரியாவுல வந்து மட்டும் சொல்லாதீங்க. நமக்கு வியாசர்பாடி. பேரு கோதண்டம், லேத் பட்டறை வெச்சிருக்கேன். எங்க தெருவுல மூணு குச்சி நட்டா பந்தல் போடறாங்கன்னு நெனைப்பாங்க, ஸ்டம்ப்புன்னு எவனும் நெனைக்க மாட்டான். செருப்பு ரெண்ட வெச்சா கோல் போஸ்ட்டு. காலையில அஞ்சு மணிக்கு எழுந்து பாத்தீங்கன்னா கிரவுண்டுல எடம் இருக்காது. அப்பேர்ப்பட்ட ஊர்ல பொறந்துட்டு இந்த இந்தியா டீமப் பாத்து வயிறு எரியறதுதான் என் தலையெழுத்து.

இன்னா கொறைன்னு கேளுங்க. ஒரு கொறையா? பந்த முன்னாடி குடுறான்னா பின்னாடி குடுப்பான். பின்னாடி நிக்கறவன் பக்கத்துல நிக்கறவனுக்குக் குடுப்பான். அவன் பயந்துபோயி கோலிக்கு, அதான் கோல் கீப்பருக்குக் குடுப்பான். கோலி இன்னா பண்ணுவான், பாவம், கண்ண மூடிக்கினு ஒதைப்பான். அது நேரா எதிராளி நெஞ்சுல போயி எறங்கும். எம்பது நிமிஷம் நல்லாத்தான் ஆடறானுங்க சார், பொய் சொல்லக் கூடாது. அப்பால மூச்சு வாங்கும். எதிராளி அதுவரைக்கும் சொம்மா நின்னுக்கினு கீறான் பாருங்க, அவனுக்கு மீதி பத்து நிமிஷம் போதும்.

கோல் போட ஆளு கெடையாது. ஏன் கெடையாது? கிளப்பு டீமுங்க எல்லாத்துலயும் முன்னாடி நிக்கறவன் வெளிநாட்டுக்காரன். நம்ம பையன் ஓரத்துல ஓடுவான், த்ரோ எடுத்துக் குடுப்பான், கடைசி அஞ்சு நிமிஷத்துக்கு எறங்குவான். வருஷம் பூரா த்ரோ எடுத்தவனக் கொண்டாந்து, இந்தியா சட்டை மாட்டிவுட்டு, போய் கோல் போடுறான்னா அவன் எங்க சார் போவான்?

நம்ம மெட்ராஸ் கிளப்பயே எடுத்துக்குங்க. பச்சை சட்டை. அது ஆரம்பிச்ச நாள்லேந்து நான் அதோட ஆளு. வாடகை வூட்டுக்காரன் கூட அக்ரிமென்டு போட்டா பதினோரு மாசம் இருப்பான் சார். நம்ம கிளப்புல வர ஃபாரின்காரன் பேரு நாக்குல பழகறதுக்குள்ள பொட்டி கட்டிடறான். எங்கியோ ரிட்டயர் ஆவற வயசுல கீறவன இட்டுக்கினு வந்து மால போடுவானுங்க. அவன் வந்து கடற்கரையில நின்னு போட்டோ புடிப்பான், இட்லி துன்றா மாதிரி ஒரு வீடியோ போடுவான், முட்டியப் புடிச்சிக்கினு திரும்பிப் போயிடுவான். கோச்சக் கேட்டா ப்ராசஸ்னுவான். எப்பக் கேட்டாலும் ப்ராசஸ். என் பட்டறையில ஒரு ஷாஃப்ட்ட கடையறதுக்கு நான் வருஷக்கணக்கா ப்ராசஸ்னு சொல்லிக்கினு இருந்தா அந்த ஷாஃப்ட்டாலயே என்ன அடிப்பாங்க.

டீ குடிக்கிறீங்களா? ரெண்டு குடுப்பா. இல்ல சார், நான்தான் குடுப்பேன், வைங்க உள்ள.

ஆனா சார், நான் ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. தோக்கறதுக்கு இதெல்லாம் மட்டும் காரணம் இல்ல. ராசின்னு ஒண்ணு கீது.

பாத்தீங்களா, சிரிக்கறீங்க. நான் சாமி கும்புடறவன் கெடையாது சார். என் கல்யாணமே ராவு காலத்துல, மால மாத்தி, ஒரு தலைவரு பேசி நடந்துது. பட்டறையில ஆயுத பூஜைக்குப் பொரி கூட வைக்க மாட்டேன். பூனை குறுக்க போனா தடவிக் குடுத்துட்டுப் போறவன். ஆனா ஃபுட்பால்ல ராசி கீது. அது வேற விஷயம். கண்ணால பாத்தது.

என் பொண்டாட்டி பேரு பவளக்கொடி. கோலி தேசிங்கு பொண்ணு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, வடக்கு மெட்ராஸ்ல வயசானவங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. மில்லு டீமுக்கு கோல் கீப்பர். பனமரம் மாதிரி ஆளு. பொண்ணு பாக்கப் போனப்போ மனுஷன் என்னாண்ட வேல இன்னா, சம்பளம் இன்னான்னு ஒண்ணும் கேக்கல. பழைய மேட்ச்சு ஒண்ணப் பத்தி ஆரம்பிச்சிட்டாரு. நானும் எனக்குத் தெரிஞ்சத சொல்லிக்கினு, ரெண்டுக்கு ஒண்ணுல மில்லு ஜெயிச்சிதுன்னேன். உள்ளேந்து ஒரு கொரலு. 'மூணுக்கு ஒண்ணு. கடைசி கோலு பெனால்ட்டி'ன்னுது. தட்டுல பஜ்ஜி எடுத்துக்கினு வந்தவ, தலை நிமிர்ந்தே வந்தா. அங்கியே நான் முடிவு பண்ணிட்டேன் சார். கட்டினா இவதான்னு.

கல்யாணம் ஆன புதுசு. ஹவுசிங் போர்டு வூட்ல ரெண்டாவது மாடி. டிவி புதுசு. இந்தியா மேட்ச்சு. பக்கத்துல ஒக்காந்தா, மடியில வேர்க்கடல. நான் கனவு கண்டது அதுதான். எல்லாரும் பொண்டாட்டியோட சினிமாக்குப் போவான், நான் மேட்ச் பாப்பேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேன். தோத்துட்டானுங்க. கடைசி நிமிஷத்துல. சரி, இந்தியா தோக்கறது புதுசான்னு வுட்டுட்டேன். அடுத்த மேட்ச்சு, பக்கத்துல ஒக்காந்தா. தோத்துட்டானுங்க. அதுக்கடுத்தது, ஜீரோவுக்கு ஜீரோ, கழுத்த அறுக்கறானுங்க. இவ பால் வாங்கணும்னு கீழ எறங்கினா. எறங்கி ரெண்டு நிமிஷம் ஆயிருக்காது, கோலு. நம்ம கோலு. மேல வந்து கதவத் தொறந்தா, அவன் திருப்பிப் போட்டான். சார், இதுக்கு இன்னா சொல்றீங்க?

தற்செயலா? நானும் அப்பிடித்தான் நெனச்சேன். சோதிச்சுப் பாத்தேன். அடுத்த மேட்ச்சுல, 'பவளம், செத்த வெளிய போயி நில்லு'ன்னேன். 'இன்னாயா வெளையாடறியா'ன்னா. சிரிச்சிக்கினே போனா, படிக்கட்டுல போயி ஒக்காந்தா. ஜெயிச்சோம். வந்து அவளும் சந்தோஷமாத்தான் இருந்தா. அன்னிலேந்து அதுதான் பழக்கம். மேட்ச் ஆரம்பிச்சா அவ படிக்கட்டுக்குப் போயிடுவா. நான் சொல்லக் கூட தேவையில்ல. கீரை ஆய்வா, துணி தைப்பா, பாரதிக்குத் தலை பின்னுவா. பாரதிதான் எங்க பொண்ணு, ஒரே பொண்ணு. பிளாக்குல எல்லாருக்கும் தெரியும். புதுசா குடிவந்தவங்கதான், 'ஏங்கா வெளிய ஒக்காந்துகினு கீற, சண்டையா'ன்னு கேப்பாங்க. 'இல்ல, மேட்ச்சு'ன்னுவா.

நான் ஒண்ணும் ஈரமில்லாதவன் கெடையாது. ஒரு தடவ நல்ல மழை, படிக்கட்டுக்கு சாரல் அடிச்சுது. எக்ஸ்ட்ரா டைம் வேற. நானே கதவத் தொறந்து கொடை குடுத்தேன்.

ஜெயிச்சாங்களான்னா... எப்பவும் ஜெயிக்க மாட்டாங்க சார், இந்தியா சார் அது. அவ வெளிய இருந்தும் நெறைய தோத்திருக்கானுங்க. உள்ள இருந்தா இன்னும் எவ்ளோ தோத்திருப்பானுங்கன்னு நெனச்சுப் பாருங்க.

அவ கிட்ட ஒரு ஆச்சரியம் சார். மேட்ச் முடிஞ்சு உள்ள வருவா, 'லெஃப்ட் பேக்கு தூங்கிட்டானா'ன்னு கேப்பா. அப்பிடியேதான் கோல் வுழுந்திருக்கும். எப்பிடிடீ தெரியும்னா, 'நீ கத்துன தினுசுல தெரிஞ்சுது'ன்னுவா. கார்னர்ல வுழுந்தா ஒரு கத்தலாம், பெனால்ட்டின்னா ஒண்ணாம். இத்தினி வருஷ மேட்ச்சயும் என் தொண்டையிலதான் பாத்திருக்கா. நான் ஃப்ரெண்டுங்க கிட்ட பெருமையா சொல்லுவேன்.

அப்பால இந்த கிளப்பு வந்துது. பச்சை சட்டை. கப்பு அடிச்ச வருஷம் ஒண்ணு வந்துது. அது எப்பிடி அடிச்சோம்னு உங்களுக்குத் தெரியணும். ஃபைனல் அன்னிக்கு பவளம் ஆஸ்பத்திரியில கீறா. கர்ப்பப்பை எடுக்கற ஆபரேஷன். தேதி டாக்டர் குறிச்சது சார், நான் குறிக்கல. கூட அவ தங்கச்சி இருந்துது, பாரதி இருந்துது. நான் வூட்ல டிவி முன்னாடி. இவ படிக்கட்டுல கூட இல்ல, ஊர்ல வேற பக்கம் மயக்கத்துல கீறா. கப்பு நம்மளுது. மறுநாள் காலையில ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக்கினு வார்டுக்கு ஓடினேன். 'பவளம், எல்லாம் உன் புண்ணியம்'னு சொன்னேன். சந்தோஷத்துல சொன்னேன் சார். அவ செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினா. மயக்க மருந்து எறங்கல போல.

அடுத்த வருஷம் செமி ஃபைனலுக்கு அவள திருத்தணிக்கு தங்கச்சி வூட்டுக்கு அனுப்பினேன். நானே பஸ் ஏத்திவுட்டேன். தோத்துட்டோம். எனக்கு சந்தேகம். போன் பண்ணி, 'மேட்ச் பாத்தியா'ன்னேன். 'தங்கச்சி சீரியல் பாத்துக்கினு இருந்தா, நான் பக்கத்துல ஒக்காந்திருந்தேன்'னா. டிவி முன்னாடி ஒக்காந்திருக்கா பாருங்க. அது போதாதா?

வாணியம்பாடி தாண்டிட்டமா? இன்னும் இல்லியா. சரி.

போன வருஷம் பாரதிக்கு பெங்களூர்ல வேலை கெடைச்சுது. தனியா கீறாளேன்னு இவ தொணைக்குப் போனா. தீபாவளி முடிஞ்சு போனவ, பொங்கலுக்கு வரலை. கேட்டா, 'வரேன், வரேன்'. நானும் பட்டறை, ஓட்டல் சாப்பாடுன்னு ஓட்டிக்கினு இருந்தேன். மேட்ச்சுக்கு மேட்ச் அவ வெளிய போவற வேலை மிச்சம்னு கூட நெனச்சேன். நெனச்சேன், பொய் சொல்வானேன்.

அப்பதான் நம்ம கிளப்புக்கும் பெங்களூருக்கும் மேட்ச்சு. அவனுங்க ஊர்ல. அவனுங்களுக்கு சிவப்பு சட்டை. நமக்கும் அவனுங்களுக்கும் ஆவாது, தண்ணி தகராறு மாதிரி அது ஒரு தகராறு. மொத கோலு அவன் போட்டான். கூட்டத்தக் காட்டறான் டிவியில. ஒரே செவப்பு. எழுந்து ஆடறானுங்க. அதுல ஒரு பொம்பள. சிவப்பு சட்டை, கீழ புடவ. ரெண்டு விரல வாயில வெச்சு விசில் அடிக்கறா.

பவளம்.

நான் டிவிகிட்ட போயி மூக்கு ஒட்டற மாதிரி பாத்தேன். அவதான். பக்கத்துல பாரதி. சார், அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும்னே எனக்குத் தெரியாது. அவங்கப்பா சொல்லிக் குடுத்திருக்கணும். இத்தினி வருஷம் ஒரு வூட்ல குடித்தனம் பண்ணியிருக்கேன், ஒரு நாளு அவ என் எதிர்ல விசில் அடிச்சது கெடையாது. எதிராளிக்கு அடிக்கறா. நாலுக்கு ஜீரோ தோத்தோம். மூணாவது கோலுக்கும் அவளக் காட்டுனான். கேமராக்காரனுக்குப் புடிச்சிப் போச்சு போல. எங்க தெருவே பாத்துது. பட்டறைக்கு வந்து, 'அண்ணி கன்னடத்துக்காரங்க ஆயிட்டாங்களா'ன்னு கேக்கறானுங்க. எனக்குத் தூக்குல தொங்கலாம் போல இருந்துது.

போன் போட்டேன். வாய்க்கு வந்தத கேட்டேன். எதிரி சட்டையப் போட்டுக்க வெக்கமா இல்லியான்னேன். அமைதியாத்தான் பேசுனா. 'யோவ், என்ன உள்ள கூப்ட்டு ஒக்கார வெச்சது இந்த சட்டைக்காரங்கதான்யா. அது இன்னா கலரா இருந்தா எனக்கு இன்னா?'ன்னா. ஒன் ராசி அங்கயாவது வேல செய்யுதேன்னு குத்திக்காட்டினேன். அதுக்கு ஒரு வார்த்த கேட்டா சார். 'நான் பக்கத்துல இருந்தப்பவும் தோத்தாங்க. படிக்கட்டுல இருந்தப்பவும் தோத்தாங்க. எல்லா தோல்விக்கும் டிவி முன்னாடி ஒக்காந்துகினு இருந்தது யாருய்யா?' சொல்லிட்டு வெச்சிட்டா.

கிண்டலுக்குத்தான் கேட்டா. எனக்குப் புரியாதா? ராசியெல்லாம் பொய்யின்னு எனக்கு ஒறைக்கணும்னு கேட்டா.

அப்பால பாரதி போன் பண்ணுச்சு. 'இந்தியா மேட்ச் இங்க நடக்குதுப்பா. மூணு டிக்கெட் எடுத்துட்டேன். அம்மா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. நீ வந்து அம்மா பக்கத்துல ஒக்காரணும். மொதல்லேந்து கடைசி விசில் ஊதற வரைக்கும். தோத்தாலும் ஏந்திரிக்கக் கூடாது, அம்மாவ ஏந்திரின்னு சொல்லக் கூடாது. அப்பிடி ஒரு மேட்ச் பாத்தா, மறுநாளே ஒன்னோட ஊருக்கு வராங்களாம். இல்லன்னா இங்கயே இருந்துக்கறாங்களாம்.' அவ்ளோதான் சார் பேச்சு. ஒரு மேட்ச்சு.

சரின்னுட்டேன். ஒடனே சரின்னுட்டேன். வூடு வூடா இல்ல சார். மேட்ச் முடிஞ்சு கத்துனா கேக்க ஆளு இல்ல. லெஃப்ட் பேக்கு தூங்கிட்டானான்னு யாரும் வந்து கேக்கறதில்ல. தோக்கறதுகூட ருசிக்கல. காசிமேட்டுக்குப் போயி அவளுக்குப் புடிச்ச கருவாடு வாங்கினேன். தோ, இதப் பாருங்க. இந்தியா சட்டை. நீலம். பின்னாடி ஒண்ணாம் நம்பரு போடச் சொன்னேன், அவங்கப்பா நம்பரு. ஃபுட்பால்னு அவளுக்கு நான் வாங்கித் தர மொத பொருளு இதுதான். ஃபுல் மனசோட வண்டி ஏறினேன் சார். நீங்க நம்பணும்.

ஆனா பெரம்பூர்லேந்து ஜன்னல்ல ஒக்காந்துகினு வரேன் பாருங்க, அவ கேட்டது மண்டையில ஓடிக்கினே வருது. யாரு ஒக்காந்துகினு இருந்தது? யாரு? நீங்க காட்பாடியில ஏறச்சொல்ல கணக்கு முடிச்சிட்டேன்.

நாந்தான் சார்.

சொல்றேன் கேளுங்க. இந்தியா ஒரு தடவ பெரிய டீம ஜெயிச்சுது, ஊரே பட்டாசு வெடிச்சுது. அன்னிக்கு நான் எங்க இருந்தேன்? பொன்னேரியில. மெஷின் பார்ட்டு வாங்கப் போயி பஸ்ஸு பிரேக் டவுன். மேட்ச்சே பாக்கல. அவ பாலு வாங்க எறங்கினான்னு சொன்னேனே, அன்னிக்கு கோலு வுழுந்தப்போ நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன் தெரியுமா? சில்ற இல்லன்னு அவ கீழேந்து கொரல் குடுத்தா, நான் பால்கனியில நின்னு காசு போட்டேன். திரும்பி வந்து ரீப்ளேதான் பாத்தேன். இது எனக்கு அரக்கோணம் தாண்டுனப்போதான் ஞாபகம் வந்துது.

அந்தக் கப்பு மேட்ச்சு. ஆஸ்பத்திரி. ஒண்ணுக்கு ஒண்ணு, கடைசிக் கால் மணி நேரம். பாரதி போன் பண்ணுது, 'அப்பா, அம்மாவுக்கு ரத்தம் நிக்கல, ஒடனே வா'ன்னு. தோ வரேன், தோ வரேன்னு ரெண்டு கார்னர் பாத்தேன். திரும்பப் போன் பண்ணுது, அழுவுது. எழுந்து ஓடினேன். ஆட்டோ கெடைக்கல, மூலக்கொத்தளம் வரைக்கும் நடையும் ஓட்டமும். அங்க ஒரு டீக்கடையில கூட்டம் கத்துது. கோலு. கப்பு அடிச்ச கோலு சார் அது, நான் பாக்கல. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள ரத்தமும் நின்னுடுச்சின்னாங்க, ஆள உள்ள வுடல, வூட்டுக்கு வந்து ஹைலைட்ஸ் பாத்தேன். இத்தினி வருஷமா அவ வெளிய இருந்ததால ஜெயிச்சோம்னு சொல்லிக்கினு திரிஞ்சேன். கோலு வுழறச்சொல்ல டிவி முன்னாடி இல்லாதது யாரு?

பொன்னேரியில நான் இல்ல. பால்கனியில நான் இல்ல. மூலக்கொத்தளத்துல நான் இல்ல. படிக்கட்டுல ஒக்கார வேண்டியது நான் சார். தப்பான ஆள ஒக்கார வெச்சிட்டேன்.

நீங்க சொல்றது சரி. ராசியே கெடையாதுன்னுதான் அவளும் சொல்றா. படிச்சவங்க நீங்க, அப்பிடித்தான் சொல்லுவீங்க. ஆனா எனக்கு ஒண்ணு தோணுது. அவ வாழ்க்கையில ஸ்டேடியத்துல ஒக்காந்து இந்தியா ஜெயிச்சு பாத்ததே இல்ல. இந்தியா மேட்ச்சுக்கு இன்னிக்குத்தான் மொத தடவ ஒக்காரப் போறா. பக்கத்துல நான் போயி ஒக்காந்து, அவனுங்க தோத்துத் தொலைச்சா? அந்தப் பாவம் எனக்கு வேணாம். அவ பாக்கட்டும் சார். ஒரு தடவ முழுசா ஒக்காந்து, விசில் அடிச்சு, ஜெயிக்கறத பாக்கட்டும். நான் பண்ணதுக்கு அதையாவது செய்யணும்ல.

ஊருக்கு வர மாட்டாளேன்னா... தெரியும் சார். அதான் சொன்னேனே, இல்லன்னா அங்கயே இருந்துக்கறாளாம். புரிஞ்சுக்குவா. ஃபுட்பால் தெரிஞ்சவ. ஜெயிச்ச சந்தோஷத்துல வந்தாலும் வருவா. வரலன்னா... நாட்டுக்கோசரம்னு நெனச்சுக்கறேன், வேற இன்னா பண்றது.

வேகம் கொறையுது பாருங்க. ஜோலார்பேட்ட. நான் இங்க எறங்கிக்கறேன். அந்தப் பக்கம் மெட்ராஸ் வண்டி ஏதாவது ஒண்ணு வரும், ஏறிட்டா சாயங்காலத்துக்குள்ள வூட்டுக்குப் போயிடலாம். டிவி போட மாட்டேன். கதவப் பூட்டிக்கினு, அவ ஒக்கார்ற படி ஒண்ணு கீது, தேய்ஞ்சு வழவழன்னு இருக்கும், அதுல போயி ஒக்காந்துக்குவேன். பக்கத்து வூட்ல யாராவது கத்துனா தெரிஞ்சுக்கலாம்.

உங்க வாட்ஸ்அப் நம்பர் சொல்லுங்க சார். சொல்லுங்க, நேரமில்ல. டிக்கெட்ட அனுப்பறேன், பாரதி நம்பரும் அதுலயே கீது. நீங்களும் பெங்களூர்தான், சாயங்காலம் வேல ஒண்ணும் இல்லன்னீங்களே. நல்ல சீட்டு சார், கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி, கோலி பொண்ணு கேட்டு வாங்கினது. காலி சீட்டு பக்கத்துல இருந்தா அவளுக்குக் கஷ்டமா இருக்கும். போட்டுக்கினேன், அனுப்பிட்டேன். வந்துடுச்சா? பாருங்க. வந்துடுச்சுல்ல.

இந்தப் பையயும் அவ கையில குடுத்துடுங்க. சட்டைய மேல வெச்சிருக்கேன், கருவாட்டு வாசனை ஏறிடப் போவுது, தனியா எடுத்துக்குங்க. சைசு சரியா இருக்கும்னுதான் நெனைக்கறேன், கேட்டு வாங்கல. அவ எதனா சொன்னா கேட்டுக்குங்க, ஆட்டம் தெரிஞ்சவ, நெறைய கத்துக்கலாம். விசில் அடிச்சா காத மூடிக்காதீங்க.

வழி வுடும்மா, எறங்கணும். ஆமா, கருவாடுதான், அந்த சார் எடுத்துக்கினு போறாரு.

'அந்த ஆளு எங்க'ன்னு கேப்பா சார். மொத வார்த்தையே அதான் கேப்பா. படிக்கட்டுல கீறாருன்னு சொல்லுங்க.